சருகுக்குள் வாழும் சிறு வண்டுக்கும் ஒரு பெயர்

சுளகிலே அரிசியைக் கொட்டிப் புடைக்கும்போது, மூக்கு நீண்ட கறுத்த வண்டொன்று குடுகுடுவென்று ஓடுவதைக் காணாத பெண் எமது நாட்டில் இருக்கமாட்டாள். அரிசி வண்டு என்று நாம் சொல்லும் அதன் நீளம் ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர்தான். இத்தனை சிறிய அந்த வண்டுக்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்து 250 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சுவீடன் நாட்டு விஞ்ஞானி கார்ல் லின்னேயஸ் 1763 ஆம் ஆண்டிலேயே அதனை விபரித்துப் பெயர் சூட்டினார். மனிதருடைய சாப்பாட்டில் பங்குக்கு வந்தபடியால் அது வெகு முன்னரே விஞ்ஞானிகளின் கண்ணில் பட்டுவிட்டது.

அதே கூன்வண்டுக் கூட்டத்தைச் சேர்ந்தவையும் ஏறக்குறைய அதே அளவுடையவையுமான வேறு வண்டுகள் உள்ளன. அவை எவருடைய அரிசிப் பானைக்கும் வருவதில்லை. இந்தோனேசியாவினதும் நியூகினியினதும் மலைக்காடுகளில், மரங்களின் அடியில் உக்கிக் கிடக்கும் சருகுக்குள்ளும் செடிகளின் இலைகளிலும் அவை வாழ்கின்றன. மனிதருக்கு நன்மையும் செய்யாமல், தீமையும் செய்யாமல் இருந்தமையால் அவற்றுள் நூற்றுக்கணக்கானவை இந்த நூற்றாண்டு வரை பெயரில்லாமலே இருந்தன. அவற்றுக்குப் பெயர் கிடைத்த விதத்தையும், ஒரு பெயரால் என்ன பயன் என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

மலைக்கு மலை வேறு வண்டு

இந்த வண்டுகளின் பொதுப் பெயர் ட்றைகோனொப்டெறஸ் என்பதாகும். முக்கோணம், சிறகு என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்து உருவான பெயர் இது. பிரெஞ்சு ஆய்வாளரான ஃபோவெல் 1862 இல் இப்பெயரை வைத்தார். பெயரில் சிறகு இருந்தாலும் இவற்றால் பறக்க முடியாது. முதுகை மூடியிருக்கும் கடினமான ஓடு இறுகிப்போய் ஒரு சிறு பெட்டகம்போல் இருக்கும். பெரும்பாலானவற்றின் நீளம் இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் அளவிலேயே உள்ளது.

ஆபத்து வந்தால் இந்த வண்டு ஓடுவதில்லை. கால்களை உடலோடு ஒடுக்கிக்கொண்டு, செத்ததுபோல் அசையாமல் கிடக்கும். அப்போது பார்ப்பவருக்கு அது ஒரு விதைபோலவோ மண் பருக்கைபோலவோதான் தெரியும். இதன் கால் மூட்டிலும் ஓர் அதிசயம் உண்டு. ஜேர்மனியின் கார்ல்ஸ்றூ நகர ஆய்வாளர்கள் இவ்வகை வண்டொன்றின் கால் மூட்டை எக்ஸ் கதிர்களைக் கொண்டு படம்பிடித்து ஆராய்ந்தார்கள். அந்த மூட்டு, திருகாணியும் அதற்குரிய சுரையும் போன்ற அமைப்பைக் கொண்டிருப்பதை 2011 இல் வெளியிட்டார்கள். மனிதன் தன் புத்தியால் கண்டுபிடித்ததாகப் பெருமை கொள்ளும் திருகாணி, சருகுக்குள் கிடந்த வண்டின் காலில் எத்தனையோ காலமாக இருந்திருக்கின்றது!

பறக்க முடியாத உயிருக்கு ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போவது இலகுவான காரியமல்ல. நடுவிலே வெப்பமான பள்ளத்தாக்கு இருக்கும், ஆறு இருக்கும், மரமில்லாத வெளி இருக்கும். ஈரமான சருகை விட்டு வெளியே வந்தால் அது காய்ந்து செத்துவிடும். ஆகவே மலைக்காட்டில் வாழும் வண்டுக்கு ஒவ்வொரு மலையும் ஒரு தீவைப் போன்றது. மலையின் ஒரு பக்கத்தில் தங்கிவிட்ட கூட்டம் நீண்ட நெடுங்காலம் பிற கூட்டங்களோடு கலவாமல் வாழ்ந்து, தனக்கென்று ஓர் உருவமும் குணமும் பெற்றுவிடுகின்றது. இதனால்தான் இவற்றுள் பல, உலகத்தில் ஒரேயொரு மலைச்சரிவில் மட்டும் காணப்படுகின்றன. அந்தச் சரிவிலே காடு அழிந்தால் அந்த இனத்துக்கு ஒதுங்க வேறு இடம் கிடையாது.

அரிதட்டும் துணிப்பையும்

புதிய இனத்தைக் கண்டுபிடிப்பது என்றவுடன் பெரிய இயந்திரங்கள் நிறைந்த ஆய்வுகூடந்தான் எமது நினைவுக்கு வரும். சருகு வண்டைத் தேடும் வேலையோ நாம் மா அரிக்கும் வேலையை ஒத்தது. இரண்டு வளையங்கள் பொருத்திய நீண்ட துணிப்பை ஒன்றை ஆய்வாளர் எடுத்துச் செல்வார். மேல் வளையத்துக்குக் கீழே கம்பி வலை இருக்கும். மரத்தடியில் உக்கிய சருகை அள்ளி அதற்குள் போட்டு, அரிதட்டை ஆட்டுவதுபோல் ஆட்டுவார். பெரிய இலைகளும் சுள்ளிகளும் வலைக்கு மேலே நிற்கும். மண்ணும் தூளும் சின்னஞ்சிறு உயிரினங்களும் பைக்குள் விழும்.

பின்னர் அந்தத் தூளை வெள்ளைத் தட்டிலே பரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். செத்ததுபோல் கிடக்கும் வண்டு, ஆபத்து நீங்கியது என்று எண்ணிக் கால்களை நீட்டும் வரைக்கும் பொறுமை வேண்டும். இன்னொரு முறையும் உண்டு. தூளை வலைப்பைகளில் இட்டு, அவற்றைப் பெரிய துணிப்பைக்குள் சில நாட்களுக்குத் தொங்கவிடுவார்கள். தூள் காயக் காய, ஈரத்தைத் தேடி உயிரினங்கள் வெளியே வந்து, அடியிலே கட்டிய மதுசாரப் போத்தலுக்குள் விழும். மின்சாரமும் இயந்திரமும் இதற்குத் தேவையில்லை. மழையிலே மலையேறும் உடலும் சலிப்பில்லாத கண்ணும் இருந்தாற் போதும்.

கார்ல்ஸ்றூ நூதனசாலையைச் சேர்ந்த அலெக்சாண்டர் றீடல் என்பவர் இந்த வண்டுகளைத் தேடிப் பல ஆண்டுகள் இம்மலைகளில் ஏறி இறங்கியவர். அவரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் நியூகினியிலிருந்து 101 புதிய இனங்களை 2013 இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு யாவா, பாலி முதலிய தீவுகளிலிருந்து 98 இனங்கள் வெளிவந்தன. 2019 இல் சுலவேசித் தீவிலிருந்து 103 இனங்கள் சேர்ந்தன. மூன்று வெளியீடுகளிலும் மொத்தம் 302 இனங்கள்.

சுலவேசியின் கதை கவனிக்கத்தக்கது. எமது நாட்டைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடைய அந்தத் தீவிலே, 1885 இல் பெயரிடப்பட்ட ஒரேயொரு ட்றைகோனொப்டெறஸ் இனம் மட்டுமே அதுவரை ஏட்டில் இருந்தது. அயல் தீவுகளில் நூற்றுக்கணக்கில் இருக்கும் வண்டு இங்கே மட்டும் ஒன்றுதானா என்ற சந்தேகமே ஆய்வாளரை அங்கே கொண்டுசென்றது. வண்டுகள் அங்கே இருக்கத்தான் செய்தன. சருகை அரித்துப் பார்க்கத்தான் ஆள் இருக்கவில்லை.

இந்த வேலையில் உள்நாட்டவரின் பங்கும் பெரிது. 2014 ஆம் ஆண்டு வெளியீட்டின் ஆசிரியர்களுள் ஒருவர், சருகிலும் மண்ணிலும் வாழும் நுண்ணிய உயிரினங்களை ஆராய்வதில் பெயர் பெற்ற இந்தோனேசியப் பெண் விஞ்ஞானி யாயுக் சுஹார்ஜோனோ. 2019 ஆம் ஆண்டு வெளியீட்டை றீடலுடன் சேர்ந்து எழுதியவர் இந்தோனேசிய ஆய்வாளர் ராடென் பிரமேசா நராகுசுமோ.

புதியது என்று எப்படித் துணிந்து சொல்வது?

ஒரு வண்டு எமக்குப் புதிதாக இருக்கலாம். அது உலகத்துக்கே புதியதா என்பதுதான் கேள்வி. இதனை முடிவு செய்வதற்கு, அந்தக் கூட்டத்தில் இதுவரை பெயரிடப்பட்ட எல்லா இனங்களோடும் அதனை ஒப்பிட வேண்டும். பழைய நூல்களில் உள்ள விபரிப்புகளை வாசிக்க வேண்டும். பல நாடுகளின் நூதனசாலைகளில் பாதுகாக்கப்படும் பழைய மாதிரிகளையும் பார்க்க வேண்டும்.

ஒப்பிடும்போது நுணுக்குக்காட்டியின் கீழே வண்டின் உடல் முழுவதையும் ஆராய்வார்கள். நீளம், நிறம், முதுகோட்டிலுள்ள புள்ளிக் குழிகளின் வரிசை, மூக்கிலுள்ள மேடுகள், கால்களின் பற்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்கள். வெளியே ஒன்றுபோல் தோன்றும் இரண்டு இனங்களை வேறுபடுத்த, ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் பெரிதும் உதவுகின்றது. சாவி வேறுபட்டால் பூட்டும் வேறுதானே.

இக்காலத்தில் டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருளும் துணைக்கு வந்துள்ளது. கடையில் விற்கும் சவர்க்காரக் கட்டியில் கறுப்புக் கோடுகளாலான பட்டைக்குறி இருப்பதைப் பார்த்திருப்போம். அதேபோல மரபுப் பொருளின் ஒரு சிறு துண்டை, ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட ஒரு குறியாக வாசித்து இனங்களைப் பிரித்தறியலாம் என்று கனடாவைச் சேர்ந்த போல் ஹேபெர்ட் 2003 இல் முன்மொழிந்தார். வண்டின் ஓட்டை உடைக்காமலே அதன் மரபுப் பொருளைப் பிரித்தெடுக்க இப்போது முடிகின்றது. ஒரே ஆய்வில் நூறு இனங்களை வெளியிட முடிந்தமைக்கு இந்த முறையும் தெளிவான புகைப்படங்களும் முக்கிய காரணங்களாகும். இல்லாவிடில் ஒரு மனிதரின் ஆயுட்காலம் இதற்குப் போதாது.

ஒரு பெயரின் இலக்கணம்

பாடசாலையில் விஞ்ஞானம் படித்தவர்களுக்குச் சாதி, இனம் என்ற சொற்கள் நினைவிருக்கும். ஒவ்வோர் உயிரினத்துக்கும் இரண்டு சொற்களாலான பெயர் உண்டு. முதற்சொல் சாதியைக் குறிக்கும். அது உறவினர் பலருக்கும் பொதுவானது. இரண்டாவது சொல்லே அந்த இனத்தைத் தனித்துக் காட்டுவது. விலங்குகளுக்கு இவ்வாறு பெயரிடும் ஒழுங்கு, லின்னேயஸ் 1758 இல் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்குவதாகக் கொள்ளப்படுகின்றது.

பெயரை மட்டும் அறிவித்துவிட்டால் போதாது. இனத்தை வேறுபடுத்தும் அடையாளங்கள் அச்சில் வெளிவர வேண்டும். எந்த ஒரு வண்டைப் பார்த்து இந்த விபரம் எழுதப்பட்டதோ, அந்த வண்டையே மூல மாதிரி என்று குறிப்பிட வேண்டும். 1999 ஆம் ஆண்டுக்குப் பின்னர் வெளியாகும் ஒவ்வொரு புதிய இனத்துக்கும், மூல மாதிரி எது, அது எந்த நிலையத்தில் வைக்கப்படும் என்ற இரண்டையும் சொல்லியே ஆகவேண்டும் என்பது சர்வதேச விதி. பிற்காலத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால், சொல்லோடு நிற்காமல் அந்த வண்டையே எடுத்துப் பார்க்கலாம்.

அந்த வண்டோடு குத்தப்பட்டிருக்கும் துண்டுச் சீட்டு விரலின் நகத்தைவிடச் சற்றே பெரியது. நாடு, மலையின் பெயர், கடல் மட்டத்திலிருந்து உயரம், திகதி, எடுத்தவர் பெயர் ஆகியவை அதிலே நுண்ணிய எழுத்தில் இருக்கும். சீட்டு தொலைந்த வண்டு ஓர் அழகான பொருளாக மாத்திரமே மிஞ்சும். எங்கிருந்து வந்தது என்று தெரியாதபோது விஞ்ஞானத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

எந்தப் பெயரை வைப்பது என்பது கண்டுபிடித்தவரின் விருப்பம். நூறு வண்டுகளுக்கு ஒரே நேரத்தில் பெயர் தேடுவது இலேசான வேலையா? நியூகினி வண்டுகளுக்கு, பப்புவா நியூகினியின் தொலைபேசி விபரக்கொத்திலிருந்து குடும்பப் பெயர்களை எடுத்து வைத்தார்கள். சுலவேசி வண்டுகளுள் மூன்றுக்கு அஸ்ரெறிக்ஸ், ஒபெலிக்ஸ், இடெஃபிக்ஸ் என்று பிரெஞ்சுச் சித்திரக்கதைப் பாத்திரங்களின் பெயர்கள் கிடைத்தன. இன்னொன்று, திரைப்படத்தில் வரும் பச்சை நிறக் குட்டை மனிதரான யோடாவின் பெயரைப் பெற்றது. 2014 இல் வெளியானவற்றுள் ஒன்று, இயற்கை பற்றிய தொலைக்காட்சிப் படங்களால் உலகறிந்த டேவிட் அற்றன்பறோவின் பெயரைத் தாங்குகின்றது.

இப்பெயர்கள் இலத்தீன் இலக்கணத்தைப் பின்பற்றுகின்றன. ஆண் ஒருவரின் பெயரை வைத்தால் முடிவில் 'இ' வரும். பெண் ஒருவரின் பெயரை வைத்தால் 'ஏ' என்று முடிப்பது வழக்கம். ஓர் உயிரினத்தின் பெயர் எப்படி முடிகின்றது என்பதைக் கொண்டே, ஒரு பெண்ணுக்கு அங்கே மதிப்பளிக்கப்பட்டிருப்பதை அறிந்துகொள்ளலாம்.

மலையேறிய ஒரு பெண்

'சீஸ்மனே' என்று முடியும் பெயர்கள் பல உயிரினங்களுக்கு உண்டு. அவற்றில் நியூகினியின் ஒரு தவளையும் ஓர் அரணையும் அடங்கும். அப்பெயருக்கு உரியவர் ஈவ்லின் சீஸ்மன் என்ற ஆங்கிலப் பெண். 1881 இல் பிறந்த அவர் மிருக வைத்தியராக வர விரும்பினார். அக்காலத்தில் இலண்டனில் அந்தக் கல்வி பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவர் அத்தோடு முடங்கிவிடவில்லை. பூச்சிகளைப் பற்றிக் கற்று, இலண்டன் மிருகக்காட்சிச்சாலையின் பூச்சிக் கூடத்துக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்ட முதலாவது பெண் ஆனார்.

1924 தொடக்கம் 1950களின் ஆரம்பம் வரை அவர் எட்டுப் பயணங்களை மேற்கொண்டார். பெரும்பாலும் வேறு வெள்ளையர் துணையின்றி, உள்ளூர் மக்களின் உதவியோடு பசிபிக் தீவுகளிலும் நியூகினி மலைகளிலும் பூச்சி சேகரித்தார். இவ்வாறு சேர்ந்த மாதிரிகள் 70,000 இற்கும் அதிகம். அவை இன்றும் இலண்டன் நூதனசாலையில் உள்ளன. அறுபது வயதைத் தாண்டிய பின்னரும் அவர் மலையேறினார். 1969 இல் அவர் காலமானார். அவர் சேர்த்து வைத்த பெட்டிகளைத் திறந்து இன்றைய ஆய்வாளர்கள் தமது வண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கின்றார்கள். ஒரு பெண் சிரத்தையாக எழுதி ஒட்டிய துண்டுச் சீட்டுகளின் பலன் அவர் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

பதிவில்லாதது தொலைந்தால்

மூன்று மில்லிமீற்றர் வண்டுக்குப் பெயர் வைத்து என்ன கிடைக்கப்போகின்றது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பதிவின் பெறுமதியை எமது வாசகியருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்கு இடம்பெயர்ந்து, காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் வழியிலே பறிகொடுத்தவர்கள் எம்மிடையே எத்தனையோ பேர். வீடு இருந்த காணியைக் காலால் மிதித்துக் காட்டினாலும் கடதாசி எங்கே என்றுதான் கேட்பார்கள். பெற்று வளர்த்த பிள்ளையைப் பற்றிக் கூறும்போதும் ஆதாரம் எங்கே என்றுதான் கேட்பார்கள். ஏட்டில் எழுதப்படாத ஒன்றை, இருந்தது என்று நிரூபிப்பதே பெரும் போராட்டமாகிவிடுகின்றது. மனிதரின் இழப்புக்கு வண்டின் இழப்பு ஈடாகாது. என்றாலும் பதிவு இல்லாத இடத்தில் இழப்பும் கணக்கில் வராது என்ற விதி காட்டுக்கும் பொருந்துகின்றது.

ஒரு மலைச்சரிவைத் தோட்டத்துக்காகவோ சுரங்கத்துக்காகவோ வெட்டுவதற்குத் திட்டமிட்டால், அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்ற கேள்வி எழும். பெயருள்ள உயிர் இருந்தால் அதனைச் சுட்டிக்காட்டி, இது உலகத்தில் இங்கே மட்டுந்தான் உண்டு என்று வாதாடலாம். பெயரில்லாத உயிருக்காக எந்த அலுவலகத்துக்கும் மனுக் கொடுக்க முடியாது. யாவாத் தீவில் பெரும்பகுதிக் காடு எப்போதோ போய்விட்டது. மீதமுள்ள காடுகள் பெரும்பாலும் மலைகளின் உயரமான பகுதிகளிலேயே உள்ளன. தாழ்நிலத்தில் அழிந்த காடுகளின் சருகுக்குள் எத்தனை இனங்கள் வாழ்ந்தன என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

சருகில் வாழும் உயிரினங்கள் சும்மா இருப்பவையும் அல்ல. வண்டுகள், மண்புழுக்கள், மரவட்டைகள், காளான்கள் எல்லாம் சேர்ந்தே உதிர்ந்த இலையை உக்கச் செய்து மரத்துக்கு மீண்டும் பசளையாகக் கொடுக்கின்றன. உக்கிய சருகுப் படை மழைநீரை உறிஞ்சி வைத்து, சிறிது சிறிதாக ஊற்றுகளுக்கு விடுகின்றது. மலையிலே இந்தப் படை போய்விட்டால் மழை பெய்த அன்று வெள்ளமும் மண்சரிவும் வரும், பெய்யாத மாதத்தில் கிணறு வற்றும். கீழே வயல் செய்கின்றவருக்கும் குடத்தோடு தண்ணீருக்குப் போகின்ற பெண்ணுக்கும் மேலே உள்ள சருகோடு தொடர்பு உண்டு.

பெயரிடுவதற்காக வண்டைக் கொல்லலாமா என்று சிலர் மனம் வருந்தலாம். ஆய்வாளர் எடுப்பது ஒரு சில வண்டுகளையே. அந்தச் சில வண்டுகள் ஒரு முழு இனத்துக்கும் சாட்சியாக நிற்கின்றன. காட்டை எரித்துச் சாய்க்கும்போது அழியும் தொகையோடு இதனை ஒப்பிட முடியாது.

எமது மலைகளில்

இலங்கையின் மலைச் சருகையும் சிலர் அரித்துப் பார்த்திருக்கின்றார்கள். 1850களில் நீட்னர் என்ற ஜேர்மன் தோட்டக்காரர் இங்குள்ள சிறு வண்டுகளை விபரித்து எழுதினார். 1881 ஆம், 1882 ஆம் ஆண்டுகளில் ஜோர்ஜ் லூவிஸ் என்ற ஆங்கிலேயர் டிக்கோயா, பொகவந்தலாவை, நுவரெலியா ஆகிய இடங்களில் வண்டுகளைச் சேகரித்துச் சென்றார். 1970 இல் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நூதனசாலையிலிருந்து வந்த குழுவினர் மலைக்காடுகளில் சருகை அரித்துப் பல புதிய இனங்களைக் கண்டார்கள். இவர்கள் எடுத்த மாதிரிகளுள் பெரும்பாலானவை ஐரோப்பாவிலேயே உள்ளன.

கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் 19 ஆம் நூற்றாண்டில் எமது மலைக்காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மலையக மக்களின் முன்னோர் உழைப்பில் அங்கே தோட்டங்கள் எழுந்தன. அந்த உழைப்பாளர்களிலும் எத்தனை பேரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை! வெட்டப்பட்ட சரிவுகளில் பெரும்பாலானவற்றின் சருகை எவரும் அரித்துப் பார்க்கவுமில்லை. எஞ்சிய காடு ஹோட்டன் சமவெளி, பேதுருதாலகால, ஹக்கல போன்ற இடங்களில் துண்டு துண்டாக நிற்கின்றது.

இப்போது சட்டம் இறுக்கமாக உள்ளது. அனுமதியின்றி இந்நாட்டின் காட்டு உயிர்களைப் பிடிப்பதும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதும் குற்றமாகும். 2024 மே மாதத்தில் யால தேசியப் பூங்காவில் அனுமதியின்றிப் பூச்சிகளைப் பிடித்த இரண்டு இத்தாலியருக்கு, அதே ஆண்டில் நீதிமன்றம் 6 கோடி ரூபா தண்டம் விதித்தது. பூச்சிக்கா இத்தனை பெரிய தண்டம் என்று பலர் வியந்தார்கள். ஒரு நாட்டின் உயிர்ச் செல்வம் அந்த நாட்டவருக்கு உரியது என்பதே இதிலுள்ள நியாயம். யாவா, சுலவேசி வண்டுகளின் மூல மாதிரிகளுள் பெரும்பாலானவை இந்தோனேசியாவின் சொந்த நூதனசாலையில் வைக்கப்பட்டமை இந்த வகையில் நல்ல முன்மாதிரியாகும். சுலவேசியின் மத்திய பகுதியிலிருந்து 2021 இல் மேலும் 28 இனங்கள் வெளிவந்தபோது, அந்த வெளியீட்டின் முதல் ஆசிரியராக நராகுசுமோவின் பெயர் இருந்தது.

பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம்

சருகின் உலகத்தைப் பார்ப்பதற்கு மலைக்குப் போகத் தேவையில்லை. மாமரத்தின் அடியிலோ வாழைப் பாத்தியிலோ உக்கிய சருகில் ஒரு சிரட்டையளவு எடுங்கள். பழைய அரிதட்டில் இட்டு, வெள்ளைத் துணிக்கு மேலே மெதுவாக ஆட்டுங்கள். பிறகு பத்து நிமிடம் அசையாமல் பாருங்கள். மண் பருக்கை என்று நினைத்தவற்றுள் சில கால் முளைத்து நடக்கும். என்ன நிறம், எத்தனை கால், எந்த மரத்தடி, என்ன திகதி என்று பிள்ளைகளைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், படமும் வரையச் சொல்லுங்கள். பார்த்து முடிந்ததும் சருகையும் உயிர்களையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

சில விடயங்களில் கவனம் வேண்டும். சருகுக்குள் தேளும் பாம்பும் இருக்கலாம். ஆகவே கையை நேரே விடாமல் முதலில் தடியால் கிளறுங்கள். சொந்த வளவுக்குள்ளேயே இதைச் செய்யுங்கள். கண்ணிவெடி அகற்றப்படாத காணிகளுக்கும் அபாய அறிவிப்பு உள்ள பகுதிகளுக்கும் பிள்ளைகளை எக்காரணம் கொண்டும் போகவிட வேண்டாம்.

முற்றம் கூட்டும்போது சருகு முழுவதையும் குவித்து எரித்துவிடுவது எமது வழக்கம். இனிமேல் அதில் ஒரு பகுதியையாவது மரத்தடியில் உக்க விடுங்கள். மண்ணுக்கும் நல்லது, மரத்துக்கும் நல்லது. அதற்குள் குடியிருப்பவை எவை என்று எவரும் இன்னும் முழுமையாக எழுதி முடிக்கவில்லை. இன்று கொப்பியில் கால்களை எண்ணி எழுதும் பிள்ளைகளுள் ஒருத்தி நாளைக்கு அதை எழுதக்கூடும்.